நூற்றுக்கு மூன்று போன வழி

“…அது மட்டுமா அண்ணாச்சி, தலைய வலைக்காரன் எடுத்துக்கிடுதான், ஈரத்த வெயிலு எடுத்துக்கிடுது, வால இந்தப் பணம் வாங்கிக் குடுக்க கம்பெனிக்காரன் எடுத்துக்கிடுதான். நடுத்துண்டு எங்கன போச்சுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்” என்று சொல்லிக்கொண்டே ஜெசிந்தாம்மா ஒரு தாள்கட்டைக் கொண்டுவந்து, கருவாடு நிறுக்கும் தராசின் மேல் போட்டார். நூற்றெண்பது கிராம் காட்டியது.

அத்தனையும் மூன்று மாதத்து வரவுப் பட்டியல். கார்டிலும் போனிலும் வாடிக்கையாளர் கட்டியது எவ்வளவு, நிறுவனம் பிடித்துக்கொண்டது எவ்வளவு, பாங்கிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று வரிவரியாக அச்சடித்தது.

ஜெசிந்தாம்மா கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. இவர் பாளையங்கோட்டையில் கருவாட்டுக் கடை நடத்துகிறார். நேரில் வந்து வாங்குகிறவர்கள் பாதி. சென்னை, பெங்களூரு என்று போய்ச் சேர்ந்துவிட்ட நம்மூர் ஆட்கள், கடையின் இணையப் பக்கத்தில் பணம் கட்டி வரவழைப்பது மறுபாதி. அந்த மறுபாதியில்தான் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கும் மேலே கட்டணமாகக் கழன்றுகொண்டிருந்தது. அதே தெருவில் மசாலாப் பொடி விற்கிறவருக்கு, அதே நிறுவனத்தில், நூற்றுக்கு இரண்டுதான். கருவாட்டில் லாபமே நூலளவு. மாசக் கடைசிவரை பார்ப்பது, குறையவில்லை என்றால் பக்கத்தை மூடிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். மூடினால், உள்ளே உட்கார்ந்து கருவாட்டை ஆய்ந்து பொட்டலம் கட்டும் இரண்டு பெண்களுக்கும் வேலை கிடையாது. அவர்கள் இருவரும் கையை நிறுத்தாமல், காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார்கள்.

நான் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. கடைகளுக்குக் கார்டு மிஷின் பொருத்துவதும், பழுது பார்ப்பதும், ‘ஏன் இவ்வளவு பிடிச்சிருக்கான்’ என்று கேட்கும் வியாபாரிக்குப் பதில் சொல்வதும்தான் என் வேலையாக இருந்தது. கார்டைத் தேய்க்கிற மிஷின் கொண்டுவந்தவன் என்பதால் டவுனிலிருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும் எனக்குத் ‘தேய்ப்பு அண்ணாச்சி’ என்று பெயர். தேய்க்கிறது போய், செருகுகிறது வந்து, தட்டுகிறது வந்து, இப்போது தொடாமலே பணம் போகிற சதுரக் கட்டப் படமும், ‘பெறப்பட்டது’ என்று கத்துகிற பெட்டியும் வந்துவிட்டன. என் பெயர் மட்டும் தேய்ந்தபாடில்லை.

இப்போது அந்த வேலையில் இருப்பவர்கள் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். கட்டணத்தைக் குறைக்க வழி கேட்டால் வியாபாரிக்கு என்ன சொல்ல என்று கேட்கிறார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்து இதற்கு வந்தவன் இல்லை. கடை கடையாகப் போய் மின்தராசு பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு மிஷின் வந்த புதிதில், ‘கடைக்காரர்களிடம் பேசத் தெரிந்த ஆள் வேண்டும்’ என்று ஒரு நிறுவனம் தேடியது. மதுரையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் இங்கிலீஷில் நடந்தது, இரண்டாம் நாள் தூக்கத்தில் நடந்தது, மூன்றாம் நாள் சாப்பாடு நன்றாக இருந்தது. மீதியைக் கடைக்காரர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர்களுக்கு அடுத்தபடி ஆதிநாதன் சார். எங்கள் கிளைக்குப் பொறுப்பாளர், ஆற்றங்கரை ஊர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளை. சத்தம் போட்டு யாரையும் பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரருக்காக நாம் நிரப்பிய விண்ணப்பத்தில் தப்பு இருந்தால் அதை நான்காக மடித்து, நம் சட்டைப் பையில் அவரே செருகிவிடுவார். “வீட்டுல போய் நிதானமா வாசியும் ஓய்” என்பார். பையில் அந்தத் தாளோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போவதற்கு, நாலு ஏச்சு வாங்கியிருக்கலாம்.

பட்டியல் படிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. சிவப்பு, நீலம் என்று இரண்டு பென்சில். பிளேடால் சீவுவார், சீவலை ஒரு பழைய உறையில் போட்டு வைப்பார். பட்டியலை மேலிருந்து படிக்கமாட்டார். கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறுவார். மேலிருந்து வாசித்தால் கண்ணுக்கு மொத்தத் தொகைதான் தெரியும், கீழிருந்து ஏறினால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக வந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. கிரெடிட் கார்டு வரிக்குச் சிவப்பு, டெபிட் கார்டு வரிக்கு நீலம். போனில் நேரே பாங்கிக் கணக்கிலிருந்து வந்த வரிகளுக்குக் கோடே கிடையாது, அதற்குக் கடைக்காரரிடம் பிடித்தம் இல்லை. ஏறி முடித்ததும் தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார். சிவப்பு மண்டிக் கிடந்தால் கட்டணம் கூடத்தான் செய்யும். பெரிய கணக்கெல்லாம் இல்லை, நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எதிலும் சேராத வரி வந்தால் சுற்றி ஒரு வட்டம் போடுவார். “இது எவ்வளவுன்னு கேக்காதேயும். இது யாருன்னு கேளும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு ஆள் நிக்கான் ஓய்” என்பார்.

அந்த ‘யாரு’ என்ற கேள்வி எனக்கு முதலில் பலன் கொடுத்தது உடன்குடியில். அங்கே ஒரு கருப்பட்டி மொத்த வியாபாரிக்கு விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் மாதாமாதம் ஒரே தொகை கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் போட்டுக்கொண்டு போனேன். இது யாருக்காகக் கட்டுவது என்று கேட்டதும், பழைய மிஷின் ஒன்று கெட்டுப்போனதாகவும், புதுசு வந்ததாகவும் சொன்னார். பழசு எங்கே? கருப்பட்டிக் கிட்டங்கியில் ஓலைப்பெட்டிக்குள் கிடந்தது. பொத்தான் இடுக்கெல்லாம் பாகு ஏறி, எறும்பு குடும்பத்தோடு குடியிருந்தது. அந்த எறும்புகளுக்கு இவர் இரண்டு வருடமாக வாடகை கட்டிக்கொண்டிருந்தார். “செத்த மாட்டுக்கும் புல்லுக்கட்டா வே?” என்று என்னையே கேட்டார். மிஷினைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அந்த வரி நின்றது. நூற்றுக்கு எவ்வளவு என்று பேரம் பேசும் வியாபாரிகள், மாதம் ஒருமுறை மொத்தமாகப் போவதைப் பார்ப்பதே இல்லை என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது பிறகு வரும். புது மிஷின் பொருத்தினால் ஒரு சோதனை வரவு போட்டுப் பார்க்கவேண்டும் என்பது விதி. ஒரு ரூபாய் போட்டுப் பார்த்து, உடனே ரத்து செய்துவிடவேண்டும். ஆனால் நம்மூர் வியாபாரியிடம் போய், ‘உங்கள் மிஷினில் முதல் வரவு வெறும் சோதனை, அதையும் ரத்து செய்யப்போகிறேன்’ என்று சொல்ல முடியுமா? போணி என்பது அன்றைய நாளின் முகம். முதல் வரவே ரத்து என்றால் மிஷினைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவார்கள். அதனால் நான் ஒரு வழக்கம் உண்டாக்கினேன். கடைக்காரரையே தன் கார்டை எடுக்கச் சொல்வேன். கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, பதினொரு ரூபாய் போட்டுத் தேய்க்கச் சொல்வேன். சீட்டு வந்ததும் அதை சாமி படத்தடியில் வைக்கச் சொல்லிவிட்டு, அவர் திரும்பியிருக்கும் நேரத்தில் பைய ரத்து செய்துவிடுவேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆதிநாதன் சாருக்கு இது தெரியவந்தபோது மட்டும் தாளை மடிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “தன் கையால தன் உண்டியல்ல போட்டுக்கறது வருமானமா ஓய்? வெளியில இருந்து பாக்கறவனுக்கு அது வேற மாதிரி தெரியும்” என்றார். உடனே ரத்து செய்துவிடுகிறேன் சார் என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், ரத்து செய்வதை மறக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னார். நான் ஒரு தடவைகூட மறக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஜெசிந்தாம்மா கடைக்கு வருகிறேன்.

பென்சில் இரண்டும் வாங்கிக்கொண்டுதான் போயிருந்தேன். தராசைத் தள்ளி வைத்துவிட்டு, கடைசித் தாளின் கடைசி வரியிலிருந்து ஏறத் தொடங்கினேன். முதலில் தெரிந்தது சிவப்பு. பாதிக்கு மேல் கிரெடிட் கார்டு. கருவாடு வாங்குகிறவர்கள் இத்தனை பேர் ஏன் கிரெடிட் கார்டு போடவேண்டும்? இணையப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். பணம் கட்டும் இடத்தில் கார்டு மேலே இருந்தது, போனில் கட்டுவது கீழே ஒளிந்திருந்தது. பந்தியில் இலையில் முதலில் வைத்ததைத்தானே ஆள் முதலில் தொடுவான். போனில் கட்டுவதை மேலே ஏற்றச் சொன்னேன். அந்தப் பக்கத்தை அமைத்துக்கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதுமான வேலை.

அடுத்து, திருப்பிக் கொடுத்த வரிகள். சீலா கருவாடு கேட்டுப் பணம் கட்டியிருப்பார்கள், சீலா தீர்ந்திருக்கும், இவர் உடனே பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். பணம் திரும்பிப் போகும், அதற்குப் பிடித்த கட்டணம் திரும்பி வராது. இது அவருக்குத் தெரியாது. “விக்காத மீனுக்கும் வாலா?” என்று வாயில் கை வைத்தார். திருப்பி அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, சீலா இல்லை, பாறைக் கருவாடு அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னேன். உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், நான் கேட்கிறேன் என்று அப்போதே பொறுப்பெடுத்துக்கொண்டார். கட்டணத்தின் மேல் அரசு வரி உண்டே, அது விற்பனைத் தொகை முழுவதற்கும் என்று ஜெசிந்தாம்மா நினைத்திருந்தார். கட்டணத்துக்கு மட்டும்தான் என்று காட்டினேன்.

இதெல்லாம் எந்தக் கடையிலும் இருப்பது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும், மசாலாக் கடைக்கும் இந்தக் கடைக்கும் உள்ள வித்தியாசம் முழுதாக வரவில்லை. இவருக்கு விகிதமே ஒருபடி மேலே இருந்தது. பணமும் இரண்டு நாளில் வருவதற்குப் பதில் ஐந்து நாள் கழித்து வந்தது. கடற்கரையில் கருவாடு எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும், ஐந்து நாள் யார் காத்திருப்பது? அதனால் முன்கூட்டியே பணம் பெறும் வசதியை எடுத்திருந்தார். அதற்கு ஒரு தனிக் கட்டணம். நடுத்துண்டு போன இடம் இதுதான். ஏன் போகிறது என்பதுதான் தெரியவில்லை.

தாள் தாளாக ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டேன். பதினொரு ரூபாய், கிரெடிட் கார்டு, காலை ஆறு மணி ஐந்து நிமிடம். பதினொரு ரூபாய்க்கு யார் கருவாடு வரவழைப்பது? கொரியர் செலவு என்ன ஆகும்? மேலே ஏறினேன். முந்தின நாளும் பதினொன்று. அதற்கு முந்தின நாளும். கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றே. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இல்லை. பிடித்திருந்தது சில பைசா, அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. மூன்று மாதத்துத் தாளும் வட்டமாக நிறைந்துபோனது.

எனக்கு உண்மையிலேயே ஆர்வம் தாங்கவில்லை. கோயிலுக்குப் போகிற மாதிரி தினமும் வந்துபோகிற இந்த வாடிக்கையாளர் யார்? தாளைத் திருப்பிப் பிடித்து, இது யாரம்மா என்று கேட்டேன்.

ஜெசிந்தாம்மா குனிந்து பார்த்தார். லேஞ்சியால் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“நல்லா கேட்டீய போங்க. நாந்தான். நீங்கதான அண்ணாச்சி சொல்லிக் குடுத்தீய? மொதமொத மிஷின் கொண்டாந்து வச்ச அன்னைக்கி, கெழக்க பாத்து நில்லுங்க, பதினொரு ரூவா போட்டுத் தேயுங்க, போணி பண்ணிட்டுத்தான் மிஷினத் தொடணும்னு. அன்னையிலேருந்து ஒருநாள் விட்டதில்ல. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறதால கடை லீவு.”

பென்சிலைக் கீழே வைத்தேன். அந்தக் கடைக்கு மிஷின் பொருத்தியவன் நான்தான் என்பது ஞாபகம் இருந்தது. என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. ‘இன்றைக்கு மட்டும்’ என்று நான் சொன்னதே இல்லை. ரத்து செய்வதையும் அவர் பார்க்காமல்தானே செய்தேன்? பழைய மிஷின் போய், இணையப் பக்கமும் புது மிஷினுமாக இந்த நிறுவனம் வந்தபோது, அவர் போணியையும் கூடவே கொண்டுபோயிருக்கிறார். இணையப் பக்கத்தில் நெத்திலிக்கும் பாறைக்கும் நடுவில் ‘போணி, பதினொரு ரூபாய்’ என்று ஒரு பொருளே இருந்தது. அது என்ன மீன் என்று பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தாராம்.

அங்கேயே உட்கார்ந்து நிறுவனத்துக்குப் போன் போட்டோம். நாலு பேர் கைமாறி, ஐந்தாவதாக விவரம் தெரிந்த ஒரு பெண் வந்தார். அவர் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தக் கார்டு யாருடையது என்று கேட்டார். என்னோடது என்றார் ஜெசிந்தாம்மா. கடை யாருடையது? அதும் என்னோடதுதான்.

“அப்ப தினமும் உங்ககிட்டயே நீங்க என்ன வாங்குறீங்க மேடம்?”

“போணி” என்றார் இவர், யோசிக்காமல்.

பிறகு அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். ஒரே கார்டில், சின்னத் தொகையில், நாள் தவறாமல் வரவு வந்தால், யாரோ திருட்டுக் கார்டு வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது போல இருக்குமாம். அந்தக் கார்டு கடை முதலாளியுடையது என்றால், கிரெடிட் கார்டிலிருந்து ரொக்கம் எடுக்கக் கடையைப் பயன்படுத்துகிறார்களோ என்று சந்தேகம் வருமாம். அதனால் கடையைக் கண்காணிப்பில் வைத்து, விகிதத்தை ஏற்றி, பணம் தரும் நாளைத் தள்ளியிருக்கிறார்கள். ‘வெளியில இருந்து பாக்கறவனுக்கு அது வேற மாதிரி தெரியும்.’ ஆதிநாதன் சார் அந்தத் தாளையும் மடித்து என் பையில் செருகிய மாதிரி இருந்தது.

நடந்ததை விளக்கி ஒரு கடிதம் அனுப்புங்கள், ஒரு மாதம் சொந்தக் கார்டு இந்தக் கடைப் பக்கமே வரக்கூடாது, அதற்குப் பிறகு மறுபடி பார்க்கிறோம் என்றார் அந்தப் பெண். கடிதத்தை நான் சொல்ல, ஜெசிந்தாம்மா எழுதினார். முதல் தப்பு மிஷின் பொருத்தியவனுடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அவர் சேர்க்கமாட்டேன் என்றார். நான் கையெழுத்துப் போடும்போது அதை நானே எழுதிவிட்டேன்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெசிந்தாம்மா தன் கெடுவை ஒரு மாதம் தள்ளி வைத்தார். அது முடிந்ததும் விகிதம் இறங்கியது, பணம் இரண்டு நாளில் வரத் தொடங்கியது, முன்கூட்டிப் பெறும் வசதியை நிறுத்தினார். பக்கத்தை மூடவில்லை. அந்த இரண்டு பெண்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் பொருத்திய மற்றக் கடைகளுக்கும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை இன்னும் இரண்டு பேர் அகப்பட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் ஆயுத பூசையன்று மட்டும் நூற்றொன்றாம். இந்த வேலையில் இருப்பவர்கள் பட்டியல் படிக்கும்போது, தயவுசெய்து பதினொன்றையும் தேடிப் பாருங்கள்.

ஆனால் அன்றைக்கு, கடிதத்தை அனுப்பிய கையோடு ஜெசிந்தாம்மாவின் முகம் மாறிவிட்டது. “சரி அண்ணாச்சி, நீங்க சொன்னதெல்லாம் கேட்டாச்சு. நாளைக்கிக் காலையில நான் எப்படிக் கடையத் தெறக்க? போணி இல்லாம மிஷினத் தொட எனக்குக் கை வராது. எங்க அம்மா தலையில கூடைய வச்சி வித்த காலத்திலேருந்து போணி ஆகாம ஒரு துண்டு கீழ எறங்காது” என்றார்.

நான் யோசித்தேன். அப்புறம், உங்கள் அம்மா கூடையிலிருந்து தானே ஒரு மீனை எடுத்து, தானே காசு போட்டுப் போணி பண்ணினார்களா என்று கேட்டேன். அது எப்படி, வெளி ஆள் வாங்கினால்தானே போணி என்றார். சொல்லி முடித்ததும் அவரே நிறுத்திக்கொண்டார். உள்ளே பொட்டலச் சத்தமும் நின்றது.

“அப்ப இத்தன வருசமா எனக்குப் போணியே ஆகலையா?” என்றார் மெதுவாக.

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மேசையில் சுவர் பார்த்து நின்ற அந்தச் சதுரக் கட்டப் பலகையை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். நான் போனை எடுத்துப் பதினொரு ரூபாய் போட்டேன். பெட்டி சத்தமாகச் சொன்னது. ஜெசிந்தாம்மா சிலுவை போட்டுக்கொண்டு, தாள்கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தராசை முன்னால் இழுத்தார். பதினொரு ரூபாய்க்கு நெத்திலி நிறுத்தார். முள் சரியாக நிற்கும்வரை ஒன்றைப் போட்டு ஒன்றை எடுத்தார். பொட்டலத்தை மடிப்பதற்கு முன்னால், கையை நீட்டி ஒரு சீலாவின் வாலை வெட்டி, அதன் மேல் வைத்தார்.